ஹாலில் நாலு சவுக்குக் கட்டை

மகனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. இன்றைக்கு அதைத் தேடி எடுத்து முன்னால் வைக்கிற மனநிலையில் நான் இல்லை. இதை நாளை அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன், உறையையும் ஒட்டப் போவதில்லை. முதலில் உன் அம்மா படிப்பாள். திருப்போரூரில் நம் மனைப்பிரிவில் குடியிருப்பவர்கள், கிரகப்பிரவேசத்துக்கு வந்துபோன சொந்தக்காரர்கள், யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். நீ பேசியது அத்தனை பேர் முன்னால். நான் மட்டும் எதற்கு உன் காதோடு ரகசியம் பேச வேண்டும்?

நேற்று ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்திலிருந்து வந்தாய். வியாழக்கிழமை ஃபிளைட், திரும்பிவர இரண்டு வருடம் ஆகும் என்றாய். அம்மா வைத்த வத்தக்குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். ஹால் நடுவில் தளத்தைத் தாங்கிக்கொண்டு நாலு சவுக்குக் கட்டைகள் நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் நாற்காலியைப் போட்டு, அவை அங்கே இருப்பதே கண்ணில் படாத மாதிரி டி.வி. பார்த்தாய். போகும்போது சாப்பாட்டு மேஜையில் ஆறு பக்கக் காகிதத்தை மறந்து வைத்துவிட்டுப் போனாய். உன் ஆபீசில் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் தாங்களே நடத்திய ஒரு ப்ராஜெக்ட்டைப் பற்றி எழுதித் தர வேண்டும் போலிருக்கிறது. நீ நம் வீட்டை எழுதியிருந்தாய். தொடங்குவது, திட்டமிடுவது, செய்வது, கண்காணிப்பது, முடிப்பது என்று ஐந்து கட்டம். கட்டத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு நிறம். ஆறாவது பக்கத்தில், இதிலிருந்து கற்றுக்கொண்டது என்று ஒரே ஒரு வரி: ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே, ப்ராஜெக்ட் முடிந்தது. தலைக்கு மேலே தளம் கட்டையில் நிற்கிறது, உனக்கு முடிந்துவிட்டது.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை என்று நினைத்திருப்பாய். ஒரு வரியை மூன்று தரம் படிக்கும் அளவுக்கு வரும். படித்தேன்.

இந்த விஷயம் எனக்குத் தெரியாதது இல்லை. செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த அட்டைக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பதினெட்டு வருடம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். வருடத்தில் பத்து நாள் ஷட்டௌன் என்று ஆலையை நிறுத்திவிட்டு, மொத்த மெஷினையும் பிரித்து, பழுது பார்த்து, திரும்ப ஓட்டிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து நாளுக்காக நான் நாலு மாதம் முன்பே பட்டியல் போடுவேன். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எது வரவழைக்க வேண்டும், யார் எதில் கை வைப்பது, எது முடிந்தால்தான் எது தொடங்கும், யார் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு சுவிட்சைப் போடுவது. நீங்கள் இப்போது பெயர் வைத்துப் பரீட்சை எழுதுவதை நாங்கள் எண்ணெய்க் கையோடு செய்தோம். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட என்னிடம் ஒன்றும் இல்லை என்பதைத்தான் கொஞ்சம் தள்ளிச் சொல்லப் போகிறேன்.

உன்னுடைய தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். ரிட்டயர் ஆன கையோடு வாடகை வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று நான் சொன்னதும், வீட்டை நான் கட்டிக் கொடுக்கிறேன், நீங்கள் அலைய வேண்டாம் என்றாய். அம்மாவை உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாய். சமையலறை ஜன்னல் கிழக்கே பார்க்க வேண்டும், ஹாலில் குறுக்கே தூண் வரக் கூடாது, விசேஷத்துக்கு நாற்பது பேர் உட்கார வேண்டும் என்றாள். தூண் வேண்டாம் என்று கேட்டவள் இன்று நாலு கட்டைகளைச் சுற்றிக்கொண்டு பெருக்குகிறாள், அது கிடக்கட்டும். அப்புறம் ஒரு நீளச் சார்ட் போட்டு வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாய். வந்தவன் போனவனுக்கெல்லாம் அதைக் காட்டினேன். என் பிள்ளை போட்டது என்றேன். ஃபோர்மேன் புத்தி எங்கே போயிருந்ததோ, அதை ஒழுங்காகப் படிக்காமல் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் நீ அந்தச் சார்ட்டை வலது பக்கத்திலிருந்து போட்டிருந்தாய். முதலில் எழுதியது கிரகப்பிரவேசத் தேதி. கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். விட்டால் மார்கழி வந்துவிடும், தை பிறக்கும்வரை நாள் கிடையாது. அதே வாரம் உன் வெளிநாட்டுக்காரர் ஒருவர் மகாபலிபுரத்தில் கடலோர ஹோட்டலில் வந்து தங்கப் போகிறார், அவரை வீட்டுக்கு அழைத்துவந்து நம் சடங்கெல்லாம் காட்ட வேண்டும். அதனால் முடிவு முதலிலேயே முடிவாகிவிட்டது. மீதி வேலையெல்லாம் அதற்கு முன்னால் இருந்த இடத்தில் திணிக்கப்பட்டது. பத்திரிகையை ஆவணியிலேயே அடித்துவிட்டாய். அப்போது வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றது.

இன்னொன்று. உன் சார்ட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை, பட்டைக்குள் ஒரு ஆளின் பெயர். அஸ்திவாரம், மேஸ்திரி. கதவு ஜன்னல், ஆசாரி. ஒயரிங், எலெக்ட்ரீஷியன். தளத்துக்குக் கான்கிரீட் போட்ட பிறகு இருபத்தொரு நாள் என்று ஒரு பட்டை இருந்தது. அதற்குள் பெயர் இல்லை. வெள்ளையாக இருந்தது. மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, கீழே முட்டுக் கட்டைகளைத் தொடாமல், சும்மா விட வேண்டிய நாட்கள் அவை. யாரும் வேலை செய்யாததால் அது வேலை இல்லை என்று நினைத்துவிட்டாய். அங்கேதான் கான்கிரீட் வேலை செய்கிறது. அதற்குப் பெயர் எழுத ஆள் இல்லை என்பதால், நேரம் குறையும்போது முதலில் நீ கை வைத்தது அந்த வெள்ளைப் பட்டையில்.

நேரம் குறையத்தான் செய்தது. ஐப்பசியில் இந்தப் பக்கம் மழை பெய்யும் என்பது கூடவா ஒருத்தன் கணக்கில் வராது? நீ இங்கே பிறந்து வளர்ந்தவன். பழைய மகாபலிபுரம் ரோட்டில் முழங்கால் தண்ணீரில் பஸ் நின்றுபோய் நடந்து வந்தவன். பதினாறு நாள் விடாமல் பெய்தது. தளத்துக்கு அடியில் சென்ட்ரிங் பலகை அடித்த நிலையில் வேலை நின்றது. ஒருவழியாகக் கார்த்திகை பிறந்து கான்கிரீட் போட்டோம். நீ வரவில்லை, மீட்டிங் என்றாய். நான் இருந்தேன். மிக்சர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போன ஒவ்வொரு சிமெண்ட் மூட்டையையும் என் கண்ணால் பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

ஒன்பதாம் நாள் காலை நீ ஃபோன் பண்ணினாய். முட்டுக் கட்டைகளைப் பிரித்தால்தான் உள்பூச்சு, பூச்சு முடிந்தால்தான் பெயிண்ட், தரை. இன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள் என்றாய். மேஸ்திரி முனுசாமி எதிரில் நின்றிருந்தார். நான் செல்ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"சார், ஒம்போது நாளு தான் ஆவுது. மழ ஈரம் வேற. ஹாலு அகலம் ஜாஸ்தி, இப்போ முட்ட எடுத்தா தாங்காது சார். மார்கழி முழுக்க அப்டியே வுட்டுடுங்க, தை பொறந்ததும் நானே பிரிச்சிக் குடுக்கறேன்," என்றார்.

நீ என்ன சொன்னாய்? உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

"மேஸ்திரி, நான் சொல்றேன்ல, பிரிங்க. எதுனா ஆச்சுன்னா பொறுப்பு என்னுது."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் சொன்னால் நிறுத்திவிடுவார். தை மாதம் எத்தனை தூரம்? ஒன்றரை மாதம். வாடகை வீட்டில் ஒன்றரை மாதம் கூட இருந்தால் எங்கள் தலையில் இடியா விழும்? வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, பிள்ளை ஆசைப்படுகிறான், அவனுக்குத் தெரியாததா என்று தரையைப் பார்த்தேன். அவர் ஆட்களைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் முட்டு இறங்கிவிட்டது. மறுநாளே உன் சார்ட்படி கைப்பிடிச் சுவர் வேலை. அதற்கான செங்கல் முழுவதும் பச்சைத் தளத்தின் மேல், சரியாக ஹாலுக்கு நேரே ஏற்றி அடுக்கப்பட்டது. அங்கே அடுக்காதீர்கள் என்று யார் சொல்வது? கண்காணிப்பது என்ற உன் நாலாவது பக்கத்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு நிலவரம் கேட்டறியப்பட்டது என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், கேட்டாய். எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்டாய். தளம் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னால் ஃபேன் கொக்கியிலிருந்து முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பெயிண்டர் அதன்மேல் பட்டி தேய்த்து மறைத்தார். ஹோமப் புகை அடங்கும் நேரத்துக்குக் கோடு கிழக்குச் சுவர்வரை போயிருந்தது. ஹாலின் நடுப்பகுதி ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்ததை நான் கதவு மேல்சட்டத்தை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டைக் கட்டியவருக்கு மரியாதை செய்யாமல் கிரகப்பிரவேசம் முடியாது. இதை உன் சார்ட்டில் போடவில்லை, ஆனால் அதுதான் நம் வழக்கத்தில் கடைசி வேலை. தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, பழம் வைத்து மேஸ்திரியைக் கிழக்கே பார்க்க நிற்கவைத்துக் கொடுக்க வேண்டும். முனுசாமி தலைக்குக் குளித்து, விபூதி பூசி, சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தட்டு உன் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து உன் பெரிய மாமா மேலே பார்த்து, என்னப்பா தளம் விரிஞ்சிருக்கு என்று கேட்டார். உன் வெளிநாட்டுக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். நீ தட்டைப் பிடித்தபடியே சொன்னாய்:

"சிமெண்ட்டக் கொறச்சிப் போட்டுட்டாரு போல மாமா. இவங்கள நம்பி வுட்டது என் தப்பு."

சொல்லிவிட்டுத் தட்டையும் நீட்டினாய். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. திருடன் என்று சொன்ன அதே மூச்சில் மரியாதையும் செய்தாய். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார், கையை நீட்டி நின்றவர். அவர் சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வந்தவர்களை இலை போட்டாகிவிட்டது, சாப்பிட வாருங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் நாலு சவுக்குக் கட்டைகளைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மேலே மீந்திருந்த செங்கல்லைத் தானே இறக்கினார், ஹால் நடுவில் முட்டுக் கொடுத்தார், ஆப்பு அடித்து இறுக்கினார். அம்மா கொடுத்த காபியைக் குடிக்கவில்லை. போன பிறகு ஜன்னல் திட்டில் பார்த்தேன், அந்த வேட்டியும் துண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றை எடுத்து இரும்பு பீரோவில் வைத்தேன். உன் ஐந்தாவது கட்டம் ஆறு மாதமாக அங்கேதான் இருக்கிறது.

நீ ஒரு வாக்கியம் சொன்னாய், கேளம்பாக்கம் போய்விட்டாய். இங்கே அது தெருவெல்லாம் சுற்றியது. நம் மனைப்பிரிவில் அடுத்து ஐந்து வீடு அவர் கட்டுவதாக இருந்தது. ஐந்து பேரும் வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். இப்போது கல்பாக்கம் பக்கம் யாரோ ஒரு சின்ன மேஸ்திரிக்குக் கீழே காம்பவுண்டுச் சுவர் பூசப் போகிறார். அதுகூடப் பெரிதில்லை, உழைக்கிறவர் பிழைத்துக்கொள்வார். மாசி மாதம் ஒருநாள் நம் வீட்டு எதிரில் நின்று தளத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

"அன்னிக்கி எதுனா ஒரு லோடுல மூட்ட கம்மியா போயிடுச்சா இன்னான்னு யோசிச்சிகினே கீறேன் சார்," என்றார். "மழைல அவசரம் வேற. நெனவு வரமாட்டேங்குது."

ஒரு மூட்டை குறையவில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்றேன். தலையை ஆட்டினார். பெரிய மனுஷன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்து ஆட்டின தலை அது. விசேஷத்தன்று அத்தனை பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்தவன் தெருவில் தனியாகச் சொன்னால் எவன் நம்புவான்? அந்த வார்த்தைகளை நான் முன்பே ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

இனிமேல் எழுதுவது என்னைப் பற்றி. உன்மேல் உள்ள கோபத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். ஆலையில் ஷட்டௌன் பத்தாம் நாள். எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மெஷினுக்குள் கை வைக்கப் போகிற ஒவ்வொருத்தரும் தன் நம்பர் போட்ட சிவப்புத் தகட்டை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் மாட்டினவரேதான் வந்து எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் அடுத்தவர் தகட்டில் கை வைக்கக் கூடாது. அதைக் கொண்டுவந்தவன் நான். சுவரில் பெயிண்டால் எழுதிவைத்தவனும் நான். பதினாலாம் நம்பர் என்னிடம் வேலை பார்த்த எதிராஜ் மாமாவுடையது. அட்டையைக் காயவைக்கும் உருளைக்குப் பின்னால் செயின் மாற்றிக்கொண்டிருந்தார். செயின் வந்துசேர மூன்று நாள் தாமதம். தாமதத்தைப் பற்றி முதலாளிக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் பத்தரை மணி நல்ல நேரத்தில் பட்டனை அழுத்த வருவதாகப் பத்து நாள் முன்பே முடிவாகியிருந்தது. நானும் வலது பக்கத்திலிருந்துதான் போட்டிருந்தேன்.

சுவிட்சுக்கு மாலை போட்டாகிவிட்டது. வெளியே பேண்டு வாசிக்கிறார்கள். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். பதினாலு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு தரம் எதிராஜ் என்று கத்தினேன். டீ குடிக்கப் போன மாதிரி இருந்தது என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டு வர ஐந்து நிமிடம் ஆகும். தகட்டைக் கழற்றி என் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். முதலாளி பட்டனை அழுத்தினார். பேண்டு நின்ற பிறகுதான் எங்களுக்குச் சத்தம் கேட்டது.

எதிராஜுக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. ஏதோ மெஷினில் மாட்டிக்கொண்டது என்று உனக்குச் சொல்லி வளர்த்தோமே, அந்தக் கை.

விசாரணையில், சுவிட்சில் தகடு இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை சார் என்றேன். அவ்வளவுதான். எதிராஜ் மாட்ட மறந்ததாக எழுதிக்கொண்டார்கள். ஷட்டௌன் ரிப்போர்ட்டில் குறித்த நேரத்தில் வேலை முடிந்தது என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். உன் ஆறாவது பக்கத்தைப் படித்தபோது என் கையெழுத்தைப் படிக்கிற மாதிரிதான் இருந்தது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எதிராஜுக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். "மாட்டுனாப்பல தான் கீது அண்ணாத்த," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மறந்துட்டனோ இன்னாவோ," என்றார். நான் ஒரு சுளையை எடுத்து அவர் வாயில் வைத்தேன்.

அந்தத் தகட்டைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நீ ஒருநாள் அதைக் கண்டுபிடித்து சைக்கிளுக்கு நம்பர் பிளேட் என்று கட்டிக்கொண்டு தெருவில் ஓட்டினாய். உன்னை இழுத்துவந்து அடித்தேன். எதற்கு அடிக்கிறேன் என்று உனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. இப்போது தெரிந்துகொள்.

எதிராஜ் மாமா அதற்குப் பிறகு மெஷின் பக்கம் போகவே இல்லை. கையால் முடியாமல் அல்ல. என் ஞாபகத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை, என்னால் வேறு யாருக்காவது ஆபத்து வந்துவிடும் என்று சொல்லி விலகிவிட்டார். திருக்கழுக்குன்றம் ரோட்டில் சின்ன மளிகைக் கடை வைத்தார். கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார், மறுபடி வருவார். மூன்று தரம். நீ சின்ன வயதில் அதை அப்படியே நடித்துக் காட்டுவாய். வீடே சிரிக்கும். நானும் சிரித்தேன்.

உன் காகிதத்தைப் படித்துவிட்டு நேற்றிரவு முழுக்கத் திட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், தகடு உட்பட. "அவனத் திட்டற வாயால மொதல்ல எதிராஜண்ணன் வூட்டுக்குப் போய் சொல்லிட்டு வாங்க," என்றாள். இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

கடையில் அவரும் சம்சாரமும் இருந்தார்கள். தகட்டை மேஜைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினைந்து வருடம் வைத்திருந்தது இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது. என் சட்டையைப் பிடிப்பார் என்றுதான் போனேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை. இடது கையால் தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் மாட்டிட்டுதான் போயிருக்கேன்," என்றார். சம்சாரத்தைப் பார்த்து, "கேட்டியா? மாட்டிட்டுதான் போயிருக்கேன்," என்றார்.

அந்த அம்மாள் அழத் தொடங்கினாள். அவர் என்னைப் பார்க்காமலே, நீ போ அண்ணாத்த என்றார். மன்னிப்புக் கேட்க வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினேன். போன விரலுக்காக அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைக் கவனித்தாயா? நான் அவரிடமிருந்து எடுத்தது விரலை மட்டும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

இனி உனக்கு. முடிப்பது என்பது கடைசிப் பக்கத்தில் எழுதுகிற வரி இல்லை. யார் எதைச் சொல்லிச் செய்யவைத்தார்களோ, அவர்களே வந்து அதை எடுத்துப்போவதுதான் முடிப்பது. பொறுப்பு என்னுது என்று நீ மாட்டிய தகடு முனுசாமி கழுத்தில் தொங்குகிறது. என்னால் கழற்ற முடியாது. பார்த்துவிட்டேன், என் கைக்கு அது வரவில்லை. தளத்தின் நடுவில் பீம் போட்டுச் சரிசெய்ய எஞ்சினியர் ஒருவர் வழி சொல்லியிருக்கிறார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் வேலை அது இல்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வா. முனுசாமி காலை ஏழு மணிக்குத் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்பார். நம் மனைப்பிரிவுக்காரர்கள் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நிற்கிற இடம்தான் அது; நல்லதாகப் போயிற்று. ஒன்பதாம் நாள் முட்டுக் கட்டைகளை எடுக்கச் சொன்னது நான், அவர் வேண்டாம் என்றார், கலவையில் ஒரு குறையும் இல்லை என்று எல்லார் காதிலும் விழச் சொல். பிறகு அந்த வேட்டியைக் கொடு. வாங்கிக்கொள்ளாமல் போனாலும் போவார். அதற்கும் அவர்மேல் குறை எழுதிவிடாதே. நீ வரவில்லை என்றால் வியாழக்கிழமை ஏர்போர்ட்டில் என்னைத் தேடாதே. அம்மா வருவாள், அவளைத் தடுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கடையைவிட்டு இறங்கி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எதிராஜ் மாமா கடையைச் சாத்தினார். பூட்டினார். தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பத்தடி போய் நின்றார். இன்றைக்குப் போய்விடுவார், திரும்ப மாட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். மூன்று தரமும் பார்த்தார். பதினைந்து வருடம் ஊறிப்போனது, ஒரு காலையில் போகவில்லை.

முனுசாமிக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. புதன்கிழமை வா.

அப்பா